புளி படாத இடத்தில் பளிங்கு: பெங்களூரு வீட்டுக்கு மார்பிள் அழகு சேர்க்கும் வழி

"சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போடலாமா?" பெங்களூருவில் முதன்முதலாக வீடு வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடும். அதனால் அந்தப் பதிலோடு நான் நிறுத்துவதில்லை. அவர்களோடு வீட்டை ஒருமுறை சுற்றி வருவேன். புளியும் எலுமிச்சையும் மஞ்சளும் எண்ணெயும் எங்கெங்கே புழங்குகின்றன என்று பார்ப்போம். அவை எட்டாத இடங்கள் எந்த வீட்டிலும் நான்கைந்தாவது இருக்கும். பளிங்கு போக வேண்டிய இடங்கள் அவைதான்.

வீடு முழுவதும் மார்பிள் தரை போடுவது வேறு வேலை, வேறு செலவு. இங்கே நான் சொல்ல வருவது, ஒரு மேசைப் பலகை, ஒரு ஜன்னல் திண்டு, ஒரு பூஜை மாடம் என்று சின்னச் சின்ன இடங்களில் இந்தக் கல்லைக் கொண்டுவந்து வீட்டை அழகாக்குவது பற்றி. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கல்லின் குணத்தைப் புரிந்துகொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

கல்லின் குணம்

சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்காகிறது. பெரும்பாலான மார்பிள்களில் இருப்பது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3. கிரானைட்டில் இருக்கும் தாதுக்கள் 6 முதல் 7 வரை போகும். வீட்டுக் கத்தி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அது மார்பிளைக் கீறும், கிரானைட்டை எளிதில் கீறாது.

கீறல்கூடப் பரவாயில்லை. அமிலம்தான் பளிங்குக்குப் பெரும் பகை. கால்சைட்டில் எலுமிச்சைச் சாறு பட்டால் கல்லின் மேற்பரப்பே கரைகிறது. பளபளப்பு போய் அந்த இடம் மங்கிய வட்டமாகத் தெரியும். இதைக் கறை என்று நினைத்து தேய்ப்பவர்கள் பலர். அது அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி மெருகேற்றினால்தான் சரியாகும். நம் சமையலறையில் அமிலம் இல்லாத நேரம் எது? புளிக்கரைசல், தக்காளி, தயிர், ரசம், பொங்கி வழியும் இட்லி மாவு எல்லாமே புளிப்புதான். வெண்ணெயும் ரொட்டியும் புழங்கும் மேடைகளைப் படத்தில் பார்த்துவிட்டு அதையே நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் ஆறே மாதத்தில் மனம் நொந்துபோகும். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட்டே இருக்கட்டும். அதில் குறைவொன்றும் இல்லை. நாம் குடியிருக்கும் இந்த ஊரே அந்த வகைப் பாறை மேல்தான் இருக்கிறது. லால்பாக் தோட்டத்தில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பாறை. கடினமான கல் இந்த மண்ணுக்குச் சொந்தம். பளிங்கு ராஜஸ்தானிலிருந்து லாரி ஏறி வரும் விருந்தாளி. விருந்தாளியை அடுப்படியில் நிறுத்த வேண்டாம்.

இடம் தேடுவது

முதல் வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் வீட்டில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பளிங்கின் அழகில் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. நல்ல வெள்ளைக் கல்லில் ஒளி மேற்பரப்பைக் கடந்து சற்று உள்ளே போய்த் திரும்புகிறது. அச்சடித்த டைல்ஸில் அந்த ஆழம் கிடைக்காது. பக்கவாட்டில் இயற்கை வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு சிறு பலகை இருந்தாலே அறை முழுவதும் மாறித் தெரியும்.

என் அனுபவத்தில் மிக நன்றாகப் பலன் தரும் இடம் ஜன்னல் திண்டு. உட்காரும் அகலம் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே பூந்தொட்டி வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் அடியில் ஆழமான தட்டு கட்டாயம். மண் தொட்டியின் ஈரமும் உரத்தின் உப்பும் கல்லில் இறங்கினால் பழுப்பு வட்டம் நிலைத்துவிடும்.

அடுத்தது கூடத்து மேசை. பழைய காப்பி ஹோட்டல்களின் சலவைக்கல் மேசைகளை நினைவிருப்பவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி கைகளிலேயே இருக்கும். காப்பி லேசான அமிலம், கறையும் படியும். ஆனால் நம்மிடம் டபரா இருக்கிறது. டம்ளரை நேராக மேசையில் வைக்காமல் டபராவுக்குள் வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் பளிங்குக்கு எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதை மார்பிள் மேசை வாங்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன். விருந்தினர் எலுமிச்சைச் சாறு குடிக்கும் நாளில் மட்டும் கண்ணாடி டம்ளருக்கு அடியில் சிறு பாய்த் துண்டு வையுங்கள்.

பூஜை மாடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் வீட்டில் மார்பிள் என்றதும் பலர் முதலில் நினைப்பது இதைத்தான். வெள்ளைப் பளிங்கின் முன் பித்தளை விளக்கு எரியும் காட்சிக்கு ஈடு இல்லை. அதே இடத்தில்தான் எண்ணெயும் குங்குமமும் மஞ்சளும் தினமும் சிந்துகின்றன. நல்லெண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கினால் அந்த இடம் நிரந்தரமாக நனைந்ததுபோல் கறுத்துத் தெரியும். நான் கண்ட தீர்வு இது: மாடத்தின் பின்சுவருக்கும் பக்கங்களுக்கும் வெள்ளைப் பளிங்கு. விளக்கு நிற்கும் அடித்தளத்துக்குக் கறுப்பு கிரானைட், அதன் மேல் விளிம்பு உயர்ந்த பித்தளைத் தட்டு. அடித்தளமும் வெள்ளையாகத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், தட்டு இல்லாமல் ஒரு நாளும் விளக்கேற்றாதீர்கள். விளக்குக்கும் பின்சுவருக்கும் நடுவே முக்கால் அடியாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் புகைக்கரி படிந்துவிடும்.

வாசற்படிக்கு மார்பிள் வேண்டாம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படிக்கு கிரானைட் போதும். வாசலில் அரிசிமாக் கோலம் கல்லை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைச் சுற்றி இடும் காவி இரும்பு கலந்த மண். ஈரத்தோடு வெள்ளைப் பளிங்கில் பட்டால் அந்தச் சிவப்பைப் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

குளியலறையில் முகம் கழுவும் தொட்டியைச் சுற்றி மார்பிள் பலகை அழகுதான். இங்கே எச்சரிக்கை தண்ணீரைப் பற்றியது. காவிரி நீர் வரும் பகுதிகளில் பெரிய தொல்லை இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளில் குழாயடியில் வெள்ளை உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பை எடுக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பலருடைய வழக்கம். ஒரே ஒரு முறை ஊற்றினாலும் கல் சொரசொரப்பாகிவிடும். உங்கள் வீட்டுக் குளியலறையை ஆசிட் இல்லாமல் சுத்தம் செய்ய முடியாது என்றால் அங்கே மார்பிளை மறந்துவிடுங்கள். தரைக்கு எப்படியும் வேண்டாம், மெருகேற்றிய பளிங்கு ஈரத்தில் வழுக்கும்.

ஒரு பார்வையில் ஒரே ஒரு பளிங்கு தெரிந்தால் போதும் என்பது என் கருத்து. மேசை, சுவர், தரை, அலமாரி எல்லாம் மார்பிளாக இருக்கும் கூடம் நகைக்கடையின் வரவேற்பறை போலாகிவிடும். பளிங்குக்குத் துணையாக மரம் வேண்டும், பித்தளை வேண்டும், கொஞ்சம் சொரசொரப்பான பருத்தித் துணி வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலியப் பளிங்குத் தரையை பர்மா தேக்குத் தூண்களோடு சேர்த்துப் பார்க்கும்போது கண் உறுத்துவதில்லை. கல்லின் குளிர்ச்சியை மரத்தின் வெதுவெதுப்பு ஈடு செய்துவிடுகிறது. பெங்களூருவின் பழைய வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் சிவப்பு ஆக்சைடு தரை உங்களுக்கு வாய்த்திருந்தால் அதை உடைக்காதீர்கள். அந்தச் சிவப்பின் மேல் நிற்கும் வெள்ளைப் பளிங்கு மேசைக்கு வேறு அலங்காரமே வேண்டாம். அல்சூரில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் அந்தத் தரை இருந்தது. இன்றும் அதை நினைத்து ஏங்குகிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

சுவரில் ஓர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய ஊர் இது. கொடுத்த முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்றால் எதையும் ஒட்டவோ துளைக்கவோ கூடாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. பழைய தையல் இயந்திரத்தின் இரும்புக் கால் கிடைத்தால் அதன் மேல் ஒரு பளிங்குப் பலகை, வீடு மாறும்போது கூடவே வரும் மேசை. புத்தக அலமாரியின் மேல்தட்டுக்கு ஒரு துண்டு. படுக்கையருகே ஒரு சிறு முக்காலி. சப்பாத்தி தேய்க்கும் வட்டப் பலகை சமையலறையில் பளிங்குக்குப் பொருத்தமான ஒரே பொருள். மாவு ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், புளிப்பும் படாது. இரும்புக் காலின் மேல் பலகை வைத்தால் நடுவில் ரப்பர் துண்டு வையுங்கள். துரு கல்லுக்குள் இறங்கினால் வெளியே வராது.

எந்தக் கல்

வெள்ளையில் முதலிடம் ராஜஸ்தானின் மக்ரானா கல்லுக்கு. தாஜ்மகாலுக்கும் கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் போன கல். நெருக்கமான படிகங்கள் கொண்டது என்பதால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். சர்வதேச நிலவியல் அமைப்பு 2019-இல் இதை உலகப் பாரம்பரியக் கற்களில் ஒன்றாக அங்கீகரித்தது. சாம்பல் வரிகள் ஓடும் மக்ரானாத் துண்டு ஒன்று கிடைத்தால் பூஜை மாடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்ததை நான் காட்ட முடியாது. ராஜ்சமந்த் பகுதியின் மோர்வாட், அகாரியா கற்களும் குஜராத்தின் அம்பாஜி வெள்ளையும் விலையில் எளியவை. இவற்றில் சில பல ஆண்டுகளில் லேசாக மஞ்சளிக்கும். கல்லிலுள்ள இரும்பு ஈரத்தில் துருவாவதே காரணம். ஈரம் படாத மேசைக்கும் அலமாரித் தட்டுக்கும் தாராளமாக எடுக்கலாம்.

உதய்ப்பூர் பக்கத்துப் பச்சைக் கல்லும் மரக்கிளைகள் படர்ந்தது போன்ற பிதாசர் கல்லும் சந்தையில் மார்பிள் என்றே விற்கப்படுகின்றன. இவற்றில் முதன்மையாக இருப்பது செர்பென்டைன் என்னும் வேறு தாது. எலுமிச்சை இவற்றைக் கால்சைட் அளவுக்குப் பாதிக்காது. ஆனால் ஈரச் சிமெண்டில் ஒட்டினால் மெல்லிய பச்சைக் கல் வளைந்துவிடும். எபாக்சி பசையில்தான் ஒட்ட வேண்டும். தேக்கு மரத்தோடு பச்சை அருமையாகச் சேரும்.

இத்தாலியன் மார்பிள் என்று கடையில் சொல்லும்போது அது இத்தாலியிலிருந்துதான் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். துருக்கி, ஸ்பெயின், கிரீஸ் கற்களுக்கும் நம் சந்தையில் அதே பெயர்தான். எந்த நாடு, எந்தக் கல் என்று கேளுங்கள். இவை பெரும்பாலும் பின்புறம் வலை ஒட்டி, பிசின் நிரப்பி வருகின்றன. அது ஏமாற்று அல்ல. பலகை உடையாமல் வருவதற்கான ஏற்பாடு. வலை ஒட்டியதே தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

முழு வெள்ளையாக, ஒரு வரிகூட இல்லாமல், கண்ணாடிபோல் மின்னும் பலகைகளையும் பார்ப்பீர்கள். அவை பெரும்பாலும் ஆலையில் செய்த கண்ணாடிக் கல். குவார்ட்ஸ் என்ற பெயரில் வருவது, அரைத்த குவார்ட்ஸைப் பிசினில் கலந்து வார்த்தது. சமையல் மேடைக்கு வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள் பலர் அதை எடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். அதை வெட்டும்போது கிளம்பும் சிலிக்கா தூசு தொழிலாளியின் நுரையீரலைக் கல்லாக்கிவிடும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைப் பலகைகளையே தடை செய்தது இதனால்தான். சுத்தமான மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு. ஆனாலும் எந்தக் கல்லாக இருந்தாலும் தண்ணீர் விட்டு, கிடங்கிலேயே வெட்டச் சொல்லுங்கள். உங்கள் பால்கனியில் வெட்ட விடாதீர்கள். நம் வீட்டு அழகுக்காக ஒருவர் மூச்சு கெடக் கூடாது.

கல் கிடங்கில்

பெங்களூருவில் கல் வேலை நிறைய நடக்கும் இடம் ஜிகணி. கிரானைட் ஆலைகள் நிறைந்த பகுதி அது. மார்பிள் கிடங்குகள் ஓசூர் சாலையிலும் பன்னேர்கட்டா சாலையிலும்கூட இருக்கின்றன. பெரிய காட்சிக்கூடத்தில் போய் ஒரு முழுப் பலகைக்கு விலை கேட்டால் மிரண்டுவிடுவீர்கள். நமக்கு வேண்டியது முழுப் பலகை அல்ல. பெரிய வீடுகளுக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டுகள் கிடங்கின் பின்புறம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். "கட் பீஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மேசை அளவுக்கும் ஜன்னல் திண்டு அளவுக்கும் பொருந்தும் உயர்ந்த கல் முழுப் பலகை விலையில் சிறு பங்குக்குக் கிடைப்பது அங்கேதான். என் வீட்டுப் பளிங்கில் ஒன்றுகூட முழு விலைக்கு வாங்கியது இல்லை.

போகும்போது செய்தித்தாளையோ அட்டையையோ தேவையான அளவுக்கு வெட்டி எடுத்துச் செல்லுங்கள். கல்லின் மேல் அதை வைத்து நகர்த்திப் பார்த்தால் வரிகள் எப்படி விழும் என்று தெரிந்துவிடும். எண்களில் எழுதிக்கொண்டு போனால் இந்த வசதி கிடைக்காது. அளவுநாடா, ஈரத்துணி, வெள்ளைத் துணி, ஓர் எலுமிச்சை, ஒரு நாணயம் ஆகியவையும் பையில் இருக்கட்டும். வேலை செய்பவர்கள் பலர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் கன்னடமும் வந்தால் நல்லது, வராவிட்டாலும் அட்டையும் விரலும் பேசிவிடும்.

காட்சிக்கூட விளக்கின் கீழ் எந்தக் கல்லும் அழகுதான். துண்டை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். காயும்போது மற்ற இடமெல்லாம் உலர்ந்த பின்னும் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். இயற்கையான வரி அப்படி நிற்காது. நாணயத்தால் பல இடங்களில் தட்டுங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். பின்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். முன்புறம் நிரப்பி மறைத்த ஓட்டைகள் பின்புறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கத்துக்கு மாறான அடர்நிறமாக இருந்தால் நகப்பூச்சு நீக்கியில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல். எலுமிச்சைச் சோதனையைக் கடைக்காரரின் அனுமதியோடு ஓர் உடைந்த துணுக்கில் மட்டும் செய்யுங்கள். சாறு சிறு குமிழிகளோடு நுரைத்தால் கால்சைட். நுரைக்காமல், கத்தியும் கீறாமல் இருந்தால் அது மார்பிள் அல்ல.

மெருகு இரண்டு விதம். கண்ணாடிப் பளபளப்பு ஒன்று, மங்கலான பட்டு மெருகு மற்றொன்று. அன்றாடம் கை படும் மேசைக்கு மங்கலானதையே நான் பரிந்துரைப்பேன். அரிப்பு வட்டங்கள் அதில் அவ்வளவாகத் தெரியாது. சுவருக்கும் மாடத்துக்கும் பளபளப்பு இருக்கட்டும்.

அளவும் பேரமும்

சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். அந்த விலையில் வெட்டுக்கூலி, விளிம்பு மெருகு, ஏற்றுகூலி, வண்டி, வரி எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். விளிம்புக்கு ஓட்ட அடிக் கணக்கில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, தனிக்கூலி. சின்ன மேசைக்கு நான்கு பக்கமும் உருட்டு விளிம்பு போட்டால் சில சமயம் அந்தக் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். கூர்முனையை மட்டும் லேசாகச் சாய்த்துத் தேய்த்தால் போதும், பார்வைக்கும் அதுதான் நவீனமாக இருக்கிறது. சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கு மெருகே தேவையில்லை.

வெட்டிய மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் உள்ளங்கை அளவுத் துண்டு உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எடையையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பளிங்கு சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரை கிலோ. மூன்றடிக்கு இரண்டடி மேசைப் பலகை 27 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கலாம். ஆனால் எப்போதும் நிமிர்த்திய நிலையில்தான் தூக்க வேண்டும், வண்டியிலும் சாய்த்து நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் பெங்களூருச் சாலைப் பள்ளம் ஒன்றே போதும், நடுவில் இரண்டாகிவிடும். அடுக்குமாடியில் வேலை நேரக் கட்டுப்பாடும் லிஃப்ட் விதியும் உண்டு. சங்கத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பொருத்துவது

மேசைப் பலகைக்கு அடியில் மரச்சட்டமும் அதன் மேல் ஒட்டுப்பலகையும் இருந்தால் கல் முழுவதுமாகத் தாங்கப்படும். விளிம்பை அரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டவிடாதீர்கள். யாராவது ஒருவர் அதன் மேல் உட்காருவார். பிடிப்புக்கு ஐந்தாறு இடத்தில் சிலிகான் பொட்டு வைத்தால் போதும். சிலிகானில் இரண்டு வகை உண்டு. வினிகர் வாடை அடிப்பது கல்லைப் பாதிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.ஜே.பி. சாலையின் வன்பொருள் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும்.

சுவரிலும் மாடத்திலும் ஒட்டும்போது சாம்பல் நிறச் சிமெண்ட்டைக் கிட்டேயே வரவிடாதீர்கள். எங்கள் பூஜை மாடத்தைப் பொருத்திய நாளில் நான் வெளியூரில் இருந்தேன். வந்த மேஸ்திரி நல்ல வேலைக்காரர்தான், ஆனால் கையிலிருந்த சாதாரணச் சிமெண்ட்டில் ஒட்டிவிட்டார். ஒரு வாரத்தில் வெள்ளைக் கல்லின் உள்ளிருந்து மேகம்போல் சாம்பல் படர்ந்தது. எதைச் செய்தும் போகவில்லை. கல்லைப் பெயர்த்து, புதுத் துண்டு வாங்கி, வெள்ளை நிறக் கல்பசையில் மறுபடி ஒட்டினோம். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். பசையை நீங்களே வாங்கி வையுங்கள், வேலை நாளில் வீட்டில் இருங்கள். பசையைப் பொட்டுப் பொட்டாக வைக்காமல் முழுப் பரப்பிலும் பூசச் சொல்லுங்கள். வெளிர்க்கல்லில் வெற்றிடம் நிழலாகத் தெரியும், தட்டினால் உடையவும் செய்யும். தலைக்கு மேல் உயரத்தில் பெரிய பலகை ஒட்டுவதென்றால் பசையை மட்டும் நம்பாமல் உலோகக் கொக்கியும் வேண்டும்.

இருக்கும் டைல்ஸ் தரைமேல் மார்பிள் பதிப்பது பற்றியும் கேட்கிறார்கள். கல்லும் அடிப்பூச்சும் சேர்ந்து தளத்தின் மேல் பெரிய நிரந்தரச் சுமை. பொறியாளரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஒட்டிய கல் நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, சீலர் என்னும் கறைத்தடுப்புத் திரவத்தைப் பூசுங்கள். கல்லுக்குள் இறங்கும் வகைதான் வேண்டும், மேலே படலமாக நிற்பது வேண்டாம். துணியால் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகக் காய்ந்துவிடும். சீலர் எண்ணெயும் மஞ்சளும் இறங்குவதைத் தாமதப்படுத்தும். அமில அரிப்பைத் தடுக்காது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மறுபடி பூச வேண்டிய காலம் வந்ததா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அடியில் கல் கறுத்திருந்தால் நேரம் வந்துவிட்டது.

துடைப்பதும் கறை எடுப்பதும்

அன்றாடம் வெறும் ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் மிதமான திரவம் சில சொட்டு. எலுமிச்சை மணம் என்று எழுதிய தரைத் திரவங்களையும் வினிகர் வைத்தியங்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மாவிடம் இதை முதல் நாளே அன்பாக விளக்கிச் சொல்லுங்கள். ஆசிட் பாட்டிலை வீட்டில் வைக்காமலிருப்பது இன்னும் நல்லது.

எண்ணெய்க் கறைக்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கால் அங்குலப் பருமனில் அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஓரங்களை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கும். பொறுமையில்லாமல் ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் பலனில்லை. பழைய கறைக்கு மூன்று நான்கு முறைகூட ஆகும்.

மஞ்சள் கறைக்கு, கல் வெள்ளையாக இருந்தால் மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீருக்குப் பதிலாக அதே ஆப்பசோடாவில் குழைத்து இடலாம். அடர்நிறக் கல்லில் இட்டால் நிறம் வெளுக்கும். வெயில் விழும் இடமென்றால் அவசரப்படாதீர்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளிறும் தன்மை உடையது. இரும்புத் துருவுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் இல்லை. துருநீக்கி என்று கடையில் விற்பவற்றில் பல அமிலங்களே. மார்பிளுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

அரிப்பு வட்டம் விழுந்துவிட்டால், சிறியது என்றால் மார்பிள் மெருகுப்பொடியை ஈரத்துணியில் தொட்டுக் கையாலேயே வட்டவட்டமாகத் தேய்த்து ஓரளவு மீட்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு மேல் போனால் மெருகு போடுபவரை அழையுங்கள். எதைச் செய்வதானாலும், சீலரானாலும் பொடியானாலும் பெராக்சைடானாலும், கிடங்கிலிருந்து கேட்டு வாங்கிய அந்த உள்ளங்கைத் துண்டில் முதலில் செய்து பாருங்கள். அதன் மேல் வேண்டுமென்றே எலுமிச்சை பிழியுங்கள், நல்லெண்ணெய் விடுங்கள், மஞ்சள் தடவுங்கள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பழகுங்கள். என் துண்டு பரணில் ஒரு டப்பாவில் இருக்கிறது. எந்தக் கிடங்கில், எந்தக் கல், எந்த ஆண்டு வாங்கியது என்று அதன் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.